ஐந்து கட்டை

சுருதிப்பெட்டி அடகுக்குப் போன வருடம்
அம்மா டிரான்ஸ்பார்மரிடம் சுருதி வாங்கினாள்.
காவேரிப்பட்டினத்தில் எங்கள் தெருமுனை,
இரட்டைக் கம்பத்தின் நடுவே சாம்பல் நிறப் பெட்டி.
'அஞ்சு கட்டைதான். ஒரு மயிரிழை தூக்கல்.
பரவாயில்ல, நாம ஏறிப் போய்க்கலாம்' என்றாள்
மொட்டைமாடியில் உட்கார்ந்த ஏழு பெண்களிடம்.
கரண்டு போனால் வகுப்பு முடிந்தது.

பகுதிநேரப் பாட்டு டீச்சர்.
பாதிப் பீரியட் கணக்கு டீச்சருக்குக் கடன்.
குமுதவல்லி டீச்சர் அந்தக் கடனை
சனிக்கிழமைகளில் எங்கள் மாடியில் வசூலித்தாள்,
பிள்ளைகளிடம் பைசா வாங்காமல்.
வாங்கியிருக்கலாம்.
மே மாதம் சம்பளம் கிடையாது.
மே மாதம்தான் மாம்பழம் மலிவு,
அதனால் பிழைத்தோம்.

என் குரல் எதிலும் சேராது.
'நீ கேளுடா' என்றாள்.
'கேக்கறவன் இல்லாம சுருதி எங்க போய் நிக்கும்?'
ஏமாற்றுகிறாள் என்றுதான் நினைத்தேன்.

டெங்கு வந்து தர்மபுரி ஆஸ்பத்திரியில் நான் கிடந்த அன்று
அதே ஊரில் பிள்ளைகளுக்குப் போட்டி.
காலையிலேயே வந்திருக்கலாம்.
சாயங்காலம் ஆறுக்கு, சீருடையில் ஏழு பேரோடு,
மூன்றாம் பரிசுக் கோப்பையோடு வந்தாள்.
நர்ஸ் திட்டினாள்.
நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தேன்.
ராத்திரி முழுக்க என் பாதத்தில் தாளம் போட்டாள்,
சலைன் சொட்டும் வேகத்துக்கு.
விழித்திருந்தேன். சொல்லவில்லை.

ஓர் ஐப்பசியில் பெட்டியின் குரல் மாறியது.
'தொண்டை கட்டியிருக்கு பாரு, போய்ச் சொல்லிட்டு வா.'
ஈ.பி. ஆபீஸ் புகார்ப் பதிவேட்டில் எழுதினேன்:
குரல் சரியில்லை.
எல்லோரும் சிரித்தார்கள்.
சம்பங்கி அண்ணன் மட்டும் ஏறிப் பார்த்தார்.
எண்ணெய் குறைந்துதான் இருந்தது.
அவர் பின்னாலேயே போய்
நானும் கேங்மேன் ஆனேன்.

அம்மா போனது
மாதாந்திரப் பராமரிப்புக்கு முந்தின ராத்திரி.
காலை ஒன்பதிலிருந்து தெருவில் சத்தமே இல்லை.
'உனக்காக லைனை முன்னாடியே சார்ஜ் பண்ணட்டுமா?'
சம்பங்கி அண்ணன் போனில் கேட்டார்.
வேண்டாம், எங்கேயாவது கம்பத்தில் ஆள் இருக்கும் என்றேன்.

ஐஸ் பெட்டிக்கு ஜெனரேட்டர் வைத்தோம்.
அதற்குக் கட்டையும் இல்லை ஒன்றும் இல்லை, வெறும் இரைச்சல்.
ஓசூரிலிருந்து வந்த எஸ்தர்
அதைக் கொஞ்ச நேரம் நிறுத்தச் சொன்னாள்.
நஸ்ரின், முனிரத்தினா, இடுப்பில் குழந்தையோடு கௌரம்மா,
பெயர் தெரியாத இன்னும் பத்துப் பேர்.
பாட்டு என்று எதுவும் பாடவில்லை.
முதல் நாள் பாடம் மட்டும்:
ச.
ப.
மேலே ச.
வாடகை நேரம் ஓடுகிறது என்று
ஜெனரேட்டர்காரர் முணுமுணுத்தார்.
பிறகு அவரும் வாயை மூடிக்கொண்டார்.

நான்கு மணிக்கு, வண்டியில் ஏற்றும்போது
இன்னும் நிறுத்தாமல் இருந்தார்கள்.
அப்போது கரண்டு வந்தது.
பெட்டி உறுமி, அடங்கி, நின்று இசைத்தது.
பிள்ளைகள் எல்லோரும் கீழே இறங்கியிருந்தார்கள்,
அரைக் கட்டைக்கும் குறைவாக,
அழுதால் அவ்வளவு இறங்கும் போல.
யாருக்கும் தெரியவில்லை.
எனக்குத் தெரிந்தது.

போன மாதம் பழைய பெட்டியை இறக்கிவிட்டு
பெரியது ஒன்றை மாட்டினோம்.
குரல் பருமன். கட்டை அதேதான்.
மின்சாரத்துக்கு வேறு கட்டை தெரியாது என்கிறார்
சம்பங்கி அண்ணன்.
எதிர்வீட்டு மாடியில் நின்று எண்ணெய் அளவைப் பார்த்தேன்.
சரியாக இருந்தது.
வேலை முடிந்தும் இறங்கவில்லை.
கையில் இருந்த குறடை
வெகுநேரம் துடைத்துக்கொண்டிருந்தேன்.